வாளிக்குள் கடல் சாமந்தி

இன்று காலை கடை திறக்கப் போவதற்கு முன், பின்கட்டில் இருக்கும் வாளியின் கறுப்புத் துணியை ஓர் ஓரமாகத் தூக்கி, உள்ளே மூக்கை விட்டு முகர்ந்து பார்த்தேன். உப்பு வாசம். கூடவே லேசாக மருந்துக் கசப்பு. அழுகல் இல்லை. அப்பாடா என்று நிமிர்ந்ததுமே உன் மேல் கோபம் கோபமாக வந்தது. கடலே இல்லாத கே.ஜி.எஃப்.பில் பாத்திரக்கடை வைத்திருப்பவன் நான். தினமும் கடலை முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் உன்னால்தான்.

கூடத்தில் அந்தக் கண்ணாடித் தொட்டியை நீ வைத்தபோது நான் செய்த கேலி கொஞ்சமா? குடிதண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கும் ஊரில் இவள் உப்புத் தண்ணீர் கலக்குகிறாள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். நீ சட்டையே செய்யவில்லை. பெங்களூர் வளர்ப்பு மீன் கடையிலிருந்து அந்தக் கடல் சாமந்தியைப் பாலிதீன் பையில் போட்டு, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாய். பூவா பிராணியா என்றே எனக்குப் புரியவில்லை. சுருங்கி, வாய் பிளந்து, வேகவைத்த காளான் மாதிரி கிடந்தது. நீ அதைத் தொட்டியில் விடாமல் என் கடை வாளி ஒன்றை எடுத்துக் கழுவினாய்.

"தொட்டி எதுக்கு இருக்குது? அதுல விட வேண்டிதுதானே?" என்றேன்.

"நோயோட வந்தத உடனே உள்ள சேத்துக்குவாங்களா? நல்லா இருந்த என்னையே உங்கம்மா எவ்ளோ நாள் வாசல்ல நிக்க வெச்சாங்க!"

நான் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வாளிக்குள் ஹீட்டர், காற்றுக் குழாய். மீன் கடைக்காரர் சொன்ன ஆன்டிபயாடிக் மாத்திரையை நுணுக்கிக் கரைத்தாய். வெளிச்சம் பட்டால் மருந்து வீணாகும் என்று கறுப்புத் துணியால் மூடினாய். தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புது உப்புத் தண்ணீர், புது மருந்து. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவரின் மகள் அல்லவா நீ? யாராவது விசாரித்தால், "சாமந்தி அண்டர்கிரவுண்ட் போயிருக்குது" என்பாய். ஒருநாள் நான் எட்டிப் பார்த்து, செத்துவிட்டது என்று அதைத் தூக்கிப் போடப் போனேன். கையைத் தட்டிவிட்டாய்.

"இன்னா அவசரம் உங்களுக்கு? சுருங்கினா செத்துடுச்சா? மோந்து பாருங்க. நாறாத வரிக்கும் உயிர் இருக்குது. சொரங்கத்துல விபத்துன்னா, ஆளுங்கள ஏத்தின கேஜ் மேல வர்ற வரிக்கும் எங்கம்மா வீட்ல யாரையும் அழ விடமாட்டாங்க."

அது பிழைத்துக்கொண்டது. விரல் விரலாக விரிந்து தொட்டியில் ஆடியபோது நானும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அதை நீ கவனித்திருக்கிறாய். அதனால்தான் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து அப்படிச் சொன்னாய்.

"எனக்கப்புறம் சாமந்திய அந்த மீன் கடைக்கே குடுத்துடுங்க. இல்லன்னா அது முன்னாடியே குந்திகினு என்னியே நெனச்சிகினு இருப்பீங்க. குடுத்துடறேன்னு சொல்லுங்க."

சொன்னேன். சொல்லாமல் என்ன செய்ய?

உன்னைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே கிடத்தியிருந்தார்கள். நான் குனிந்து உன் நெற்றியை முகர்ந்து பார்த்தேன். முத்தம் கொடுக்கிறேன் என்று நினைத்து எல்லாரும் அழுதார்கள். பவுடர் வாசமும் மாலை வாசமும்தான் வந்தன. நாறவே இல்லையடி. தூக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். நம் மகள் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தச் சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. பித்துப்பிடித்தவன் என்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

சாமந்தியை இதுவரை கொடுக்கவும் இல்லை. இப்போது அதற்கே உடம்புக்கு வந்துவிட்டது. மறுபடி சுருங்கி, வாய் பிளந்தது. நீ செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தேன். மாத்திரையைக் கரைக்கும்போது, "மெதுவாங்க, மேல தெறிக்குது" என்று பின்னாலிருந்து கேட்கிறது. திரும்புவதில்லை. திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரியும்.

முகர்ந்து பார்த்த பிறகு, தண்ணீர் மாற்றத் துணியை முழுக்க விலக்கினேன். வாளிக்குள் இரண்டு இருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். இரண்டுதான்.

மகளுக்கு போன் போட்டேன். "ஸ்ட்ரெஸ் ஆனா அது ரெண்டா பிரியும்பா. ப்ராப்ளம் சால்வ்டு! ஆறினதும் ஒண்ண கடைக்குக் குடு, ஒண்ண நீ வெச்சிக்கோ. அம்மாக்குக் குடுத்த வாக்கும் ஆச்சு" என்றாள்.

அவளுக்கு எவ்வளவு சுலபம்! நீ இறால் துண்டை விரலில் வைத்து ஊட்டும்போது அது உன் விரலைப் பிடித்துக்கொள்ளும். "விடுடி, உலை வைக்கணும்" என்று அதனோடு சண்டை போடுவாய். இன்று என் விரலை ஒன்றிடம் நீட்டினேன். ஒட்டிக்கொண்டது. மற்றதிடம் நீட்டினேன். அதுவும் அதே மாதிரி ஒட்டிக்கொண்டது. உன் விரலைப் பிடித்தது இதில் எது? தெரியாத்தனமாக அதைக் கொடுத்துவிட்டு, மற்றதன் முன்னால் உட்கார்ந்து உன்னை நினைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆவது?

இரண்டையும் கொடுக்க மாட்டேன். வாக்குத் தவறியவன்தான், போ. கோபமிருந்தால் நேரில் வந்து கேள்.