ரெண்டு விரல் வணக்கம்

பிப்ரவரி 11, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாயிற்று. டாக்டர் சின்னப் பெண். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: கார் நவம்பர் வரைக்கும் கூடாது, பஸ் இனிமேல் கிடையாது. ஸ்வெர்ரே தலையை ஆட்டினான். முப்பத்துநாலு வருஷம் இந்தத் தீவுக்கும் சூர்ட்லான் டவுனுக்கும் நடுவே பஸ் ஓட்டினவன் என் புருஷன். போன நவம்பரில் அடுப்படியில் வலிப்பு வந்து விழுந்தான். ஒரே ஒரு தடவை. அதோடு எல்லாம் போச்சு.

திரும்பி வரும்போதும் நான்தான் ஓட்டினேன். வழியெல்லாம் அவன் வலது கால் தரையை அமுக்கிக்கொண்டே வந்தது. அங்கே பிரேக்கா இருக்கிறது? வலிப்புக்குக் கொடுத்த மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவரும். வீட்டு சோபாவில் பகலெல்லாம் தூங்குகிறான். நான் ஓட்டினால் மட்டும் கண்ணை மூட மாட்டான்.

பாலம் தாண்டினதும் எதிரே அவன் பஸ் வந்தது. இப்போது அதை ஓட்டுவது கேத்தில் என்கிறவன். பஸ்காரர்கள் எதிரெதிரே வந்தால் கை தூக்குவார்கள், அது அவர்கள் பழக்கம். கேத்தில் எங்கள் காரை அடையாளம் கண்டு கை தூக்கினான். ஸ்வெர்ரே ரோட்டோரப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நானும் பதிலுக்குத் தூக்கவில்லை. எனக்குப் போட்ட வணக்கம் இல்லையே அது.

பிப்ரவரி 13

வீட்டுவண்டிப் படங்கள் உள்ள பத்திரிகைகளை எல்லாம் கட்டி விறகுப் பெட்டியில் போட்டிருந்தான். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. அவன் ஓய்வு பெற்றதும் ஒன்று வாங்கி ஊர் சுற்றுவது என்று எட்டு வருஷமாகப் பேசி வைத்தது.

"ஏன் இங்க கிடக்கு?" என்றேன்.

"ஓட்டுறவனே இல்ல. வண்டி எதுக்கு?"

"அப்ப நான் யாரு? உன் கண்ணுக்குத் தெரியலையா?"

சிரித்தான். நவம்பருக்கு அப்புறம் முதல் சிரிப்பு. ஆத்திரமாக வந்தது. சிரித்தானே என்று சந்தோஷமாகவும் இருந்தது, எழவு.

முப்பது வருஷம் நகராட்சியின் குட்டிக் காரில் பனியிலும் புயலிலும் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்துவிட்டு வந்தவள் நான். ஒரு தடவை பள்ளத்தில் இறங்கியிருக்கிறேன். ஒரே தடவை! ஆனால் இவன் காரில் இருந்தால் சாவி இவனிடம்தான். நானும் நாற்பது வருஷம் கேட்கவில்லை.

பிப்ரவரி 14

யோசித்தேன். அந்த வீடுகளில் நான் பார்த்தது ஒன்று உண்டு. வேலை போய் சோபாவில் உட்கார்ந்த ஆண்கள் எழுந்திருப்பதில்லை. முதலில் சவரம் நிற்கும். அப்புறம் கடைக்குப் போவது. அப்புறம் நாங்கள் போவோம், துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு.

ஸ்வெர்ரே மூன்று நாளாகச் சவரம் செய்யவில்லை.

வண்டி வாங்குகிறேன். நான் ஓட்டுகிறேன். இவன் பக்கத்தில் உட்காருவான். அவ்வளவுதான்.

மார்ச் 3

வடக்கே நம்ம பக்கத்தில் விற்கிற பழைய வண்டி எல்லாம் உப்புத் தின்று துருப்பிடித்தவை. தெற்கேதான் வாங்க வேண்டும். தெற்கே என்றால் நாட்டின் அந்த முனை. இருக்கட்டுமே. ரோடு போட்டிருக்கிறார்கள் அல்லவா?

இந்த வண்டிகளைத் தின்பது ஈரம். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே சுவர் கேக் போல இருக்கும். இன்று ஒருத்தனுக்குப் போன் போட்டேன். ஈரம் சோதித்த காகிதம் இருக்கா?

"லேசா ஒரு வாசனை வரும், அவ்ளோதான். சன்னலைத் திறந்து வச்சா போயிடும்."

"அப்ப நீங்களே திறந்து வச்சுக்கிட்டு உக்காருங்க" என்று வைத்துவிட்டேன்.

சோபாவிலிருந்து ஒரு கனைப்பு கேட்டது.

ஏப்ரல் 5, சனி

பக்கத்துப் பண்ணை ஓட்முண்ட் செம்மறி ஏற்றுகிற வேனைக் கடன் கொடுத்தான். நீளம் கிட்டத்தட்ட நான் தேடுகிற வீட்டுவண்டி அளவு, ஏழு மீட்டர். பின்கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியாது, பக்கக் கண்ணாடிகள்தான் கதி. முன்னால் ஓட்டுவது ஒரு பொருட்டே இல்லை. பின்னால் எடுப்பதுதான் - சரி, இங்கே யாரும் படிக்கப் போவதில்லை - பயம்.

பந்து மைதானத்தில் மீன் பெட்டிகளை வரிசையாக வைத்துப் பழகினேன். பதினோரு பெட்டி. ஏழு உடைந்தது. செம்மறி நாற்றம் தலைமுடியில் ஏறிவிட்டது.

ஏப்ரல் 6

மூன்று பெட்டி உடைந்தது.

ஏப்ரல் 8

இரவுச் சாப்பாட்டில் மீன் உருண்டையைக் குத்திக்கொண்டே, தலை நிமிராமல், ஸ்வெர்ரே சொன்னான்: "இடது கண்ணாடியை மட்டும் பாத்துட்டே எடுக்குற. ரெண்டையும் மாத்தி மாத்திப் பாரு."

"உனக்கெப்படித் தெரியும்?"

அவன் கண் சன்னல் பக்கம் போனது. எழுந்து போய்ப் பார்த்தேன். அடுப்படிச் சன்னல் விளிம்பில் பைனாகுலர். திருடன்! மூன்று நாளாக உளவு பார்த்திருக்கிறான்.

ஏப்ரல் 9

ரெண்டு கண்ணாடி. பெட்டி ஒன்றும் உடையவில்லை. அவனிடம் சொல்லவில்லை. பார்த்திருப்பான்.

மே 4

கிடைத்துவிட்டது. மன்டால். இதைவிடத் தெற்கே போனால் கடல்தான். பதினாறு வருஷத்து வண்டி, மூவாயிரத்து ஐநூறு கிலோ, அதாவது என் லைசென்சுக்குச் சரியாக அடங்குகிறது. ஈரச் சோதனை போன மாதம் செய்தது, எல்லா மூலையும் காய்ந்து கிடக்கிறது. விற்கிறவர் பெயர் தல்லாக், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு முழங்கால் போய்விட்டது, வண்டிப் படி ஏற முடியவில்லை. போனில் ஒவ்வொரு கதவும் எப்படிச் சத்தம் போடும் என்று சொன்னார். மூன்றாவது கியரில் ஒரு முனகல் வருமாம், பயப்பட வேண்டாமாம், அது வாங்கிய நாள் முதலே அதே சுருதிதானாம்.

இந்த ஆளிடம் வாங்கலாம்.

மே 5

ரெண்டு விமான டிக்கெட் எடுத்தேன். போக மட்டும். ஸ்வெர்ரேயிடம் காட்டினேன்.

"நீயே போயிட்டு வா."

"உன் பேருல எடுத்தாச்சு. வேற எந்த ஸ்வெர்ரேயைக் கூட்டிட்டுப் போறது?"

"வழியில எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

அதுதான் விஷயம். இத்தனை நாள் சோபாவில் உட்கார்ந்து இதைத்தான் மென்றுகொண்டிருந்தானா? எனக்கும் அந்தப் பயம் உண்டு. காட்டிக்கொள்ளவில்லை.

"ஆச்சுன்னா ஓரங்கட்டுவேன், உன்னை ஒருக்களிச்சுப் படுக்க வைப்பேன், எத்தனை நிமிஷம்னு கடிகாரத்தைப் பாப்பேன். முப்பது வருஷம் சம்பளம் வாங்கிட்டு அதைத்தானே செஞ்சேன்."

டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, "வண்டி ஏழு மீட்டரா?" என்றான்.

"ஆறு தொண்ணூத்தொன்பது."

"ம்."

மே 17

கொடி, ஊர்வலம், ஆலங்கட்டி மழை. எல்லோரும் கேட்டுவிட்டார்கள், "ஓட்னி, நீயா ஓட்டப் போற?" பதினான்கு தடவை "ஆமா" சொன்னேன். ஸ்வெர்ரே சவரம் செய்திருந்தான். தேசிய நாளுக்காகத்தான். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

மே 26

மூட்டை கட்டியாயிற்று. தெற்கத்திக்காரர்கள் முன்னால் வாயை அடக்கு, கெட்ட வார்த்தை பேசாதே என்று மகள் சில்யே த்ரொண்ட்ஹைமிலிருந்து போனில் சொல்கிறாள். எழவு, நான் எப்போது பேசினேன்?

ஸ்வெர்ரேயின் பையைத் தூக்கிப் பார்த்தேன், கனத்தது. திறந்தால் பஸ்ஸில் உட்காரும் அவனுடைய மெத்தை, கைவிளக்கு, டயர் காற்றுமானி. ஒன்றும் கேட்காமல் மூடிவிட்டேன்.

மே 28, புதன் - மன்டால்

தல்லாக் வாசலில் காத்திருந்தார், சட்டைக்கு மேலே டை கட்டிக்கொண்டு. பில் எல்லாம் அடுக்கிய ஒரு தடித்த கோப்பு. முதலில் காப்பி, பிறகு வாஃபிள், பிறகு வண்டி. நான் தனியாக ஒரு சுற்று வந்தேன். அலமாரி ஒவ்வொன்றிலும் தலையை விட்டு மோந்தேன். மெத்தைகளைத் தூக்கி மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்தினேன். கெட்டி. சோப்பு வாசனை.

தல்லாக் வருவதற்குள் நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மனுஷர் வண்டியைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய், கீழே நின்றிருந்த ஸ்வெர்ரேயிடம் விளக்க ஆரம்பித்தார். தண்ணீர்த் தொட்டி, கேஸ் குழாய், கிளட்ச். எல்லாம் ஸ்வெர்ரேக்கு. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பொம்மை மாதிரி. கடைசியில் சாவியை எடுத்து அவன் கையில் நீட்டினார்.

ஸ்வெர்ரே அந்தச் சாவியையே பார்த்தான்.

"அவகிட்ட குடுங்க" என்றான். "ஓட்டப் போறது அவ. சொன்னதையெல்லாம் முதல்லேர்ந்து ஒருதடவை அவகிட்ட சொல்லிடுங்க."

தல்லாக் காது வரை சிவந்துபோய், முதலிலிருந்து சொன்னார். முனகலைக்கூட வாயால் பாடிக் காட்டினார். ஸ்வெர்ரே அதற்குள் பையிலிருந்து பஸ் மெத்தையை எடுத்து என் இருக்கையில் போட்டிருந்தான்.

"உனக்கு முதுகு வலிக்கும்" என்றான்.

மே 29

வீட்டுவண்டிகள் இரவு தங்கும் முகாமில் முதல் காலை. நல்ல வெயில். நான் ராணி மாதிரி ஏறி உட்கார்ந்து, கிளம்பினேன். ரெண்டு மீட்டர் போயிருக்கும்.

"நில்லு!! நில்லுடி!" ஸ்வெர்ரே கத்தினான்.

மின்சார ஒயரைக் கழற்றவில்லை. கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவே விறைத்து நிற்கிறது. பக்கத்து வண்டிக்காரர்கள் காப்பிக் கோப்பையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தர் கை தட்டினார். வாயை அடக்கு என்று சில்யே சொன்னது அப்போது ஞாபகத்தில் இல்லை.

"ஒயர் தொங்கினது உனக்குத் தெரியுமா?"

"இழுக்குறப்பதான் தெரிஞ்சது. கரண்ட் பெட்டி உன் பக்கம் இருக்கு. உன் கண்ணாடியில தெரிஞ்சிருக்கும்." பிறகு மெதுவாக, "கிளம்புறதுக்கு முன்னாடி வண்டியைச் சுத்தி ஒரு நடை நடந்து பாக்கணும். முப்பத்துநாலு வருஷம் நான் நடக்காம கிளம்பினதில்ல. இன்னிக்கு நடக்கல."

"ஏன் நடக்கல?"

"ஓட்டுறவதான நடக்கணும்? என் வேலை இல்லன்னு நினைச்சேன்."

"இனி அது உன் வேலை" என்றேன். "எனக்கு உசரம் பத்தல. கூரையைப் பாக்க முடியாது."

கூரை மேல் பார்க்க ஒன்றும் இல்லை. அவனுக்கும் தெரியும்.

அப்புறம் இன்னொன்று. எதிரே வருகிற ஒவ்வொரு வீட்டுவண்டிக்காரனும் கை தூக்குகிறான்! நானும் தூக்கினேன். மதியத்துக்குள் தோள்பட்டை கழன்றது.

"முழுக் கையையும் தூக்காத" என்றான் ஸ்வெர்ரே. "நீ என்ன மகாராணியா? கை ஸ்டியரிங்லயே இருக்கணும். ரெண்டு விரல். இப்படி." மடியில் வைத்துக் காட்டினான். ஆட்காட்டி விரலும் நடுவிரலும், லேசாக எழும்பி, உடனே இறங்கும். "அவ்ளோதான் வணக்கம்."

மே 30 - மலை

தூவ்ரே மலைமேல் ஈரப்பனி. கோடைக்கால டயர். வண்டி காற்றில் ஆடியது. நாற்பதில் போனேன். பின்னால் வரிசை சேர்ந்தது, சேரட்டும். எனக்குப் பயமில்லை. பனி எனக்குப் பழகினது. இவன் கால்தான் தரையைத் துளைத்துக்கொண்டிருந்தது.

"உன் காலுக்குக் கீழ பிரேக் இல்ல, ஸ்வெர்ரே."

"தெரியும்."

"நான் உன்னைக் கொல்ல மாட்டேன்."

"தெரியும்னு சொல்றேன்ல. காலுக்குத் தெரியல."

அதற்கு என்ன சொல்வது? காப்பிக் குடுவையை அவன் கையில் கொடுத்தேன், ஊற்றித் தரச் சொல்லி. ஊற்றினான். சிந்தவில்லை.

மே 31

சில்யே வீட்டில் நேற்று தங்கினோம். அவள் தெருவில் வண்டி அகலத்துக்குத்தான் இடம். காலையில் பின்னால் எடுத்து வெளியே வந்தேன், ரெண்டு கண்ணாடியும் மாத்தி மாத்தி. சில்யே கண்ணைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள். ஸ்வெர்ரே பின்னால் நின்று சைகை காட்டவில்லை. கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அவளிடம் வானிலை பேசிக்கொண்டிருந்தான்.

ஜூன் 1

மழை. முனகல் சுருதி மாறவில்லை. ஸ்வெர்ரே காலையில் சுற்றி நடந்தான், ஒவ்வொரு டயரையும் உதைத்தான், கூரையைக்கூட ஏறிப் பார்த்தான்.

ஜூன் 2, திங்கள் - வீடு

காலையில் வண்டியோடு படகு. ஒரு மணி நேரம் கடல். இறாலும் ரொட்டியும் சாப்பிட்டோம். கரை இறங்கி சூர்ட்லான் தாண்டினதும் ஸ்வெர்ரே பேசுவதை நிறுத்தினான். அவன் வழித்தடம் அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு நிறுத்தமும், ஒவ்வொரு வளைவும் அவனுடையது. பள்ளத்தைப் பார்க்கப் போகிறானா மறுபடியும்? இவ்வளவு தூரம் வந்து?

பாலத்துக்கு முன்னால் திரும்பிப் பார்த்தேன்.

தூங்கிக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்து, தலை சன்னலில் சாய்ந்து. கால் நீட்டிக் கிடந்தது. ரெண்டு காலும்.

நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், இவன் தூங்குகிறான். நாற்பது வருஷத்தில் முதல் தடவை. சத்தமாகக் கத்த வேண்டும் போல இருந்தது. கியர் மாற்றக்கூட பயந்தேன், அந்த முனகலில் எழுந்துவிடுவானோ என்று.

பாலம் இறங்கினதும் எதிரே பஸ் வந்தது. கேத்தில். உயரத்தில் உட்கார்ந்து வருகிறவன், நானும் இப்போது உயரம்தான், நேருக்கு நேர் முகம் தெரிந்தது. ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்காமல் ரெண்டு விரலைத் தூக்கினேன். கேத்திலும் ரெண்டு விரல். பக்கத்தில் தூங்குகிறவனைப் பார்த்திருக்க வேண்டும், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு போனான்.

வீட்டில் வண்டியைப் பின்னால் எடுத்து, களஞ்சியத்துக்கும் கொடிக்கம்பத்துக்கும் நடுவே நிறுத்தினேன். ரெண்டு கண்ணாடியும் பார்த்து. எஞ்சினை அணைத்த பிறகுதான் அவன் கண்ணைத் திறந்தான்.

"வந்தாச்சா?"

"வந்தாச்சு."

கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு வெளியே பார்த்தான். "கேத்தில் போனானா?"

"போனான். வணக்கம் சொல்லிட்டேன்."

"எத்தனை விரல்?"

"ரெண்டு."

"ம்" என்றான். இறங்கி, வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.