வாய் திறக்காதவளுக்கு ஒரு மதிப்பெண்

கோயம்புத்தூர்
23.1.1997

அன்புள்ள மௌனிகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், நீயும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். பொங்கலுக்கு நீ வராததால் அப்பா கரும்பே வாங்கவில்லை. உன் கடிதம் கிடைத்தது. புனேயில் நீயும் என்னைப் போலவே மாணவிகளைக் குழுவாக உட்காரவைத்துப் பேசவிடுகிறாய், பேசுவதற்குப் பத்து மதிப்பெண் வைத்திருக்கிறாய், அடுத்த வாரம் பட்டியல் கொடுக்கவேண்டும் என்று எழுதியிருந்தாய். போன வருடம் என்றால் பெருமைப்பட்டிருப்பேன்.

என் இயற்பியல் வகுப்பில் லோகப்பிரியா என்ற பெண்ணைப் பற்றி உனக்கு எழுதியிருந்தேன். காரமடை ரயில்வே கேட்டில் பஸ் நிற்கும்போது, வருகிற ரயிலின் ஊதல் கூர்மையாகவும் தாண்டிப் போனதும் தாழ்வாகவும் கேட்பதைச் சொல்லி ஒலிப் பாடத்தையே விளக்கிவிட்டாள். பேசியதற்குப் பத்துக்கு ஒன்பது போட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கருப்பாத்தாள் பருவம் முழுக்க வாய் திறக்கவில்லை. அவளுக்கு ஒன்று. அதனால் இன்டர்னல் மதிப்பெண்ணில் தேறவில்லை என்று அவளைத் தேர்வு எழுத விடவில்லை. ஒரு பேப்பர் நின்றாலும் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று அவள் அப்பா முன்பே சொல்லியிருந்தாராம், அது எனக்குத் தெரியாது. கார்த்திகையில் தொண்டாமுத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

இந்தப் பருவம் லோகப்பிரியாவை எழுப்பி இன்னொரு உதாரணம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "நான் சொன்னதெல்லாம் கருப்பாத்தா பஸ்ஸுல சொல்லிக்குடுத்ததுங்க மேடம், அவ போனதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் ஓடறதில்லீங்க" என்றாள். நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தொண்டாமுத்தூர் போய்க் கருப்பாத்தாளைப் பார்த்தேன். தப்பு என்னுடையது, பிரின்ஸிபாலிடம் பேசுகிறேன், வந்து எழுது என்றேன். "இனி எங்கீங்க மேடம், நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்று மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வகுப்பில் ஏன் பேசவில்லை என்று கேட்டதற்கு, "இங்கிலீசுல வார்த்தையைத் தேடி எடுக்கறதுக்குள்ள நீங்க அடுத்தவளைக் கேட்டுப்போடுவீங்க" என்று சிரித்தாள். நான் எத்தனை நொடி காத்திருந்தேன் என்று பஸ்ஸில் திரும்பும்போது எண்ணிப் பார்த்தேன், மூன்றோ நான்கோ இருக்கும். நானும் தமிழில் படித்து வந்தவள்தான் மௌனிகா. கிளம்பும்போது அவள் மாமியார் யார் இது என்று விசாரித்தார். "எங்க மேடமுங்க அத்தை, எல்லாரையும் பேச உட்டுப் பாடம் நடத்துவாங்க" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும், உன்னிடம் படிக்கிற பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே வைத்திருக்காதே. பட்டியலைக் கொடுப்பதற்கு முன் பேசாத பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு அவர்கள் மொழியிலேயே சொல்லச் சொல். உனக்கு மராத்தி புரியாவிட்டால் பக்கத்துப் பிள்ளையை வைத்துக்கொண்டாவது கேள். ஒரு வாரம் தாமதமானால் ஆகட்டும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா