பேதுருவுக்கு நீச்சல் தெரியும்

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று அப்போதே சொன்னவன் நான். இன்று காலை உன் வேதாகமப் பையின் ஜிப்பைத் திறந்தேன். குப்பென்று உன் தலைவலித் தைல வாசனை. ஒருநாள் இந்தப் பையை நானே தூக்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் சர்ச்சுக்குப் போவேன் என்று நம் கல்யாணத்தன்றே எனக்குத் தெரியும். நீ நம்பமாட்டாய். பரவாயில்லை.

சனிக்கிழமையானால் கிள்ளானிலிருந்து உன்னைக் காரில் கொண்டுபோய்ச் சர்ச் வாசலில் இறக்கிவிடுவேன். மாடியில் உனக்கு வேதபாட வகுப்பு; எதிர்க்கடையில் எனக்குத் தே தாரேக் தேநீர். உள்ளே வாங்க என்று நீ ஒருநாளும் கூப்பிட்டதில்லை. திரும்பும்போது ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் அன்றைய பாடத்தைச் சொல்வாய். நான் குறுக்கே புகுந்து கதையை இன்னும் நன்றாக ஆக்குவேன். "ஏங்க, அந்த மீனை ஏத்திட்டு வந்த லோரி உங்களுதா?" என்பாய். துறைமுகத்தில் காலமெல்லாம் லோரி ஓட்டியவனுக்கு, யோனாவை விழுங்கிய மீன் எத்தனை கொண்டெய்னர் நீளம் என்று தெரியாதா?

நீ கண்ணை மூடிய பிறகும் கார் பழக்கத்தில் அங்கேயே போய் நின்றது. தேநீரை ஆறவிட்டு மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு சனிக்கிழமை படியேறிவிட்டேன். எஸ்டேட் பள்ளியை மூன்றாம் வகுப்போடு விட்டவன், வேதத்தைத் திறந்தே அறியாதவன். என்னை யார் சேர்ப்பார்கள்? அதனால் வாசலிலேயே சொன்னேன், ஆஸ்பத்திரியில் நீ என் கையை நர்ஸே பயப்படும்படி இறுக்கிப் பிடித்து, "என் நாற்காலியைக் காலியா விடாதீங்க" என்று கேட்டுக்கொண்டாய் என்று. பாடம் எடுக்கும் டீச்சர், நம் மகள் வயதுதான், கண்ணைத் துடைத்துக்கொண்டு உன் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அங்குள்ள வழக்கம் உனக்குத் தெரியும். வாசித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டுச் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும், இல்லாததைச் சேர்க்கக்கூடாது. பேதுரு கடல்மேல் நடந்து அமிழத் தொடங்க, ஆண்டவர் கைபிடித்துத் தூக்கிய கதை எனக்கு வந்தது. பாவம், பேதுருவுக்கு நீச்சல் தெரியாது, கிள்ளான் ஆற்றில் நானே ஒருவனை இப்படித்தான் இழுத்துப் போட்டேன் என்று அடித்துவிட்டேன்.

"நீச்சல் தெரியாதுன்னு எங்க இருக்கு அங்கிள்? தேடிப் பாத்துட்டு வாங்க லா," என்றாள் டீச்சர்.

தேடினேன். விரல் வைத்து, எழுத்துக்கூட்டி, வாரக்கணக்கில். யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் அகப்பட்டது. கரையில் நிற்பது ஆண்டவர் என்று தெரிந்ததும் பேதுரு படகிலிருந்து கடலில் குதித்துவிடுகிறான். நீச்சல் தெரிந்தவன்தான். தெரிந்தும் அன்று அமிழும்போது ஆண்டவரைக் கூப்பிட்டிருக்கிறான். எல்லாம் தெரிந்தவனாகவே திரிந்த எனக்கு அது நெஞ்சில் பட்டது. சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். இந்த வயதில், நானே தேடிக் கண்டுபிடித்தது. அதை நெரிசலில் சொல்லப் பக்கத்து சீட்டில்தான் ஆளில்லை.

அதிலிருந்து ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் கதை சொல்லப் பழகிவிட்டேன். வகுப்பிலே நான்தான் முதல். வரும் ஞாயிறு ஆராதனையில் சபை முன் என் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆன்டி கடைசியாகச் சொன்னதை மறக்காமல் சொல்லுங்கள் என்று டீச்சர் கேட்டிருக்கிறாள்.

சபையில் சொல்லப்போவதை முதலில் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தன்றே தெரியும் என்றேனே, அதில் மாற்றமில்லை. ஆனால் நாற்காலியைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. அன்று நீ கேட்டது, வீட்டில் கேஸ் அடுப்பை மூடினேனா என்று மட்டும்தான். பை உன்னுடையது. படியேறியது நானாகத்தான்.