நீ கை தூக்கிய நாள்

மச்சான்,

இன்று காலை ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு புது ஷெட்டுக்குப் பிரைமர் அடிக்கத் தொடங்கினோம். டப்பாவைத் திறந்து தின்னரை ஊற்றியதும் அந்த நெடி மூக்கில் ஏறியது, கூடவே நீயும் வந்துவிட்டாய். இன்றைக்கு உங்கள் அகதி முகாமில் செக்கிங் நாள் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. உனக்கு இனிமேல் செக்கிங் கிடையாது. எனக்குத்தான் இன்னும் அந்த நாள் இருக்கிறது.

பழகிய புதிதில் அது என்னவென்றே எனக்குத் தெரியாது. அதிகாரி முகாமுக்கு வந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார், எங்கே வேலை செய்தாலும் அன்றைக்கு வந்து முகத்தைக் காட்ட வேண்டும் என்று நீதான் சொன்னாய். பாதிச் சுவரில் ரோலரை வைத்துவிட்டு நீ கிளம்பும்போதெல்லாம் நான் கிண்டல் செய்வேன்.

"மகாராஜா அரண்மனைக்குக் கிளம்பிட்டாரா?"

"சிரிங்க பாய், சிரிங்க. நான் இருக்கேன்னு நான் சொன்னா செல்லாது. அவங்க எழுதணும்."

அந்தப் பழக்கம் உனக்கு நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. போனை எடுத்தால் ஹலோ என்று சொல்லவே மாட்டாய். "இருக்கேன் பாய்" என்பாய். நான் சிரிப்பேன். நீயும் சிரிப்பாய்.

உன் தாத்தா இங்கே கல்லாவிப் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலை மலைக்குக் கூலியாகப் போனவர். அந்த நாடு உங்களை இந்தியாக்காரன் என்று ஒதுக்கியது. அடிதடிக்குப் பயந்து உன் அப்பா வவுனியாவுக்கு ஓடி, அங்கேயும் சண்டை வர, உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு படகேறினார். கடைசியில் நீ வந்து சேர்ந்தது தாத்தா புறப்பட்ட அதே மாவட்டத்துக்கு. இங்கே நீ சிலோன்காரன். சட்டத்தின் கண்ணில் அனுமதியில்லாமல் உள்ளே வந்தவன். சொந்த வீட்டுக்குள் சுவரேறிக் குதித்தவன் மாதிரி உன்னை வைத்திருந்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

ஒருமுறை கல்லாவியிலேயே ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போனோம். நீ நெகிழ்ந்துபோவாய் என்று நான் எதிர்பார்த்தேன். நீ பாட்டுக்கு வேலையைப் பார்த்தாய். டீக்கடையில் ஒருவர் "எந்த ஊருங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தாய். பிறகு "ஓசூர்ல வேலைங்க" என்றாய். அவர் கேட்டது ஊரை.

உன் மகள் நர்சிங் படித்து முடித்தாள். இங்கேயே பிறந்தவள், ஆனால் அரசு வேலைக்கு மனுப் போட முடியாது. அவளுக்குக் குடியுரிமை கேட்டு நீங்கள் கோர்ட்டுக்குப் போனீர்கள். வக்கீல் ஏதோ ஒரு பேச்சில் சொன்னதை நீ கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். "ஒரு செக்கிங்கூடத் தவறக் கூடாது. தவறினா அதையே காரணமாக் காட்டுவாங்க."

உன் கடைசிச் செக்கிங் அன்றைக்குச் சாரத்தில் நிற்கும்போதே உனக்கு வேர்த்துக் கொட்டியது. இடது கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய்.

"என்னடா மச்சான், ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாடா."

"வாயு பாய். காலைல தின்ன போண்டா. இன்னைக்குச் செக்கிங். முதல்ல அங்க போவம்."

ஓசூரிலிருந்து முகாம் வரைக்கும் போக, பைக்கில் உன்னை ஏற்றினேன். நீ சரிந்துவிடுவாயோ என்ற பயத்தில் என் துண்டால் நம் இருவர் இடுப்பையும் சேர்த்துக் கட்டினேன். சூளகிரி வரும் முன்பே லாரிகள் வரிசைகட்டி நின்றன. இடுக்கில் புகுந்து புகுந்து போனேன். உன் நெற்றி என் முதுகில் சாய்ந்திருந்தது, சட்டையைத் தாண்டி உன் வேர்வை எனக்கு உறைத்தது. ஒரு ஆஸ்பத்திரி போர்டைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினேன். நீ முதுகில் தட்டினாய்.

"போங்க பாய். பேர் கூப்பிட்டிருவாங்க."

உன்னைத் திட்டினேன், கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். நீ மறுபடியும் தட்டினாய். நான் போனேன்.

முகாம் கூடத்தில் உன் மனைவியும் மகளும் வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். உன் பெயரைக் கூப்பிட்டபோது நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையைத் தூக்கினாய். விரலெல்லாம் வெள்ளை பிரைமர். "இருக்கேன் ஐயா" என்றாய். அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். நீ படியில் உட்கார்ந்தாய். கிருஷ்ணகிரிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில், ஆட்டோவில், உன் மகளின் மடியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் அந்த அதிகாரி மாலையோடு வந்தார். அவரைப் பார்த்ததும் என் கை முறுக்கேறியது. அவர் கண் கலங்கியிருந்தது.

"ஒடம்பு சரியில்லன்னு ஒரு போன் பண்ணியிருந்தா போதுமேம்மா. அப்புறமா வந்து பாத்துட்டுக் குறிச்சிருப்பேன். அதுக்கெல்லாம் வழி இருக்குதே."

உன் மனைவி தலை நிமிராமலே சொன்னாள்: "நாங்க கேட்டுப் பழகலீங்க ஐயா."

எனக்கு அன்றைக்கு அவர் மேல்கூடக் கோபப்பட முடியவில்லை. கேட்டால் கிடைத்திருக்கும் என்று தெரிந்ததுதான் தாங்கவில்லை. வரிசையில் நிற்கச் சொன்னால் நின்று, கை தூக்கச் சொன்னால் தூக்கி வளர்ந்தவன் நீ. முடியாது என்று சொல்லலாம் என்பதே உனக்குத் தோன்றவில்லை. சாகிற நேரத்திலும் தோன்றவில்லை.

குடியுரிமைக்கு ஆதாரம் கேட்கப் போகிறார்கள் என்ற பேச்சில், எங்கள் வீட்டிலும் இப்போது பழைய டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்திருக்கிறார்கள். அத்தா எந்த ஊரில் பிறந்தார், அதற்கு என்ன அத்தாட்சி என்று என் தம்பி தேடுகிறான். யாரும் இன்னும் எங்களைக் கேட்கவில்லை. கேட்டால் காட்ட வேண்டுமே என்ற பயம்தான். உன்னை மகாராஜா என்று கேலி செய்த வாய், அந்தப் பெட்டி முன்னால் மூடிக்கொண்டது.

உன் போன் இப்போது உன் மகளிடம் இருக்கிறது. கேஸ் இன்னும் முடியவில்லை, தள்ளித் தள்ளிப் போகிறது. இன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில், செக்கிங் முடிந்ததா என்று கேட்க உன் எண்ணுக்குத்தான் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"இருக்கேன், பாய் மாமா."

டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டேன், மச்சான். என் முதுகில் நீ தட்டிய இடம் அப்படியே இருக்கிறது. அடுத்த வாய்தாவுக்கு நானும் வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கடுத்த வாய்தாவுக்கும் போவேன். உன் மகள் ஒருநாள் போனை எடுத்து, எல்லோரையும் போல, வெறும் ஹலோ என்று சொல்ல வேண்டும்.