பெயிண்ட் காயாத ஹெலிகாப்டர்

கண்ணு,

புதுப் போர்க்கப்பல் விழாவுல உன் ஹெலிகாப்டரை முதல்தடவையா பார்க்கப்போறேன்னு எழுதியிருந்தே. பைலட் பயிற்சி முடிச்சு எவ்வளவு காலமா காத்திருக்கே!

கப்பல் தயார். மத்ததை என்னத்தைச் சொல்ல? ஆனையை வாங்கிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுறாங்க, இன்னும் படியலை. ஆனா போட்டோவுல மேல்தளம் காலியா தெரியக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு.

அதனால தச்சர்களெல்லாம் இப்போ எங்க கப்பல் கட்டுற தளத்துப் பெயிண்ட் ஷெட்டுலதான் இருக்காங்க. சாம்பல் நிறம் அச்சு அசலா வந்திருக்கு, நான்தான் அடிச்சேன். கதவுல பைலட் பேர் எழுதுற இடத்துல உன் செல்லப்பேரைப் பொடியா எழுதிட்டேன். யார் கண்ணுலயும் படாது.

உன்னைப் பக்கத்துல நிக்கச் சொல்லுவாங்க. நிமிர்ந்து நில்லு, சிரி. சாய்ஞ்சுடாதே, பெயிண்ட் காயலை. ஆசையில தட்டிப் பார்த்துடாதே கண்ணு, மரச்சத்தம் எல்லாருக்கும் கேட்டுடும்.

உன் அம்மா