அம்மா தள்ளிவிட்ட ஷூ

என் ஆசை அப்பாவுக்கு,

பயந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன். நேற்று சாயங்காலம் நம் சர்ச் ஹாலில் நடன விழா நடந்தது. டயாலிசிஸ் செய்துகொள்ள வசதியில்லாத ஆம்பூர்க்காரர்களுக்குப் பணம் திரட்ட நீங்கள் தொடங்கிய அதே விழாதான். நீங்கள் போன பிறகு இதுதான் முதல் தடவை. அம்மாவைக் கூட்டிப் போவதா வேண்டாமா என்று ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவுக்கு மறதி முற்றிவிட்டது அப்பா. நீங்கள் இறந்தது அவள் மனசில் நிற்பதே இல்லை. காலையில் எழுந்ததும், "உங்கப்பா எங்கடி?" என்பாள். முதலில் உண்மையைத்தான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் கேள்விப்பட்டவள் மாதிரி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். எந்தப் பெண்ணால் அதைப் பார்க்க முடியும்? அப்புறம், "டூட்டிக்குப் போயிருக்காரும்மா" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

ஆனால் ஹாலில் என்ன பொய் சொல்வது? முதல் ஆட்டத்துக்கு ஆண்கள் எல்லாரும் வலது கால் ஷூவைக் கழற்றி மேடைக்குக் கீழே குவிக்க வேண்டும். பெண்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆளுக்கொன்று எடுப்பார்கள். யாருடைய ஷூ கைக்கு வருகிறதோ அவரோடு ஆட்டம். ஷூ தைக்கிற ஊரில் வேறு எப்படி ஜோடி சேர்ப்பார்களாம்!

அம்மா ஒரு வருஷம்கூட உங்கள் ஷூவைத் தவிர வேறு எடுத்ததில்லை. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தவள், உங்களுடையதையும் அவளே தைத்தாள், விரல் பட்டாலே தெரிந்துவிடும். "கள்ள ஆட்டம்!" என்று ஹாலே கத்தும். நீங்கள் ஒற்றை ஷூவோடு நொண்டிக்கொண்டு வந்து கை நீட்டுவீர்கள்.

இந்த வருஷம் தேடித் தேடி உங்கள் ஷூ கிடைக்காவிட்டால்? அத்தனை பேர் நடுவில், "எங்கடி அவரு?" என்று கேட்டுவிட்டால்? என் வீட்டுக்காரர் சாலமன்தான் ஒரு வழி சொன்னார்.

"மாமா ஷூவ நானே போட்டுக்கறேன். கொஞ்சம் டைட்டு, பரவால்ல."

"உங்க மூஞ்சியப் பாத்துட்டு அவர் எங்கன்னு கேட்டா இன்னா பண்ணுவீங்க?"

"அத அப்ப பாத்துக்கலாம். இப்பவே பேஜார் பண்ணாத."

அம்மாவுக்குக் கண்ணைக் கட்டினேன். "இன்னாடி, கல்யாணப் பொண்ணு மாதிரி நடுங்குற?" என்று சிரித்தாள். குனிந்தாள். அவள் கை நேராக உங்கள் ஷூ மேல்தான் விழுந்தது. விரல்கள் தையல் ஓரமாகப் போயின. ஆண்டவரே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால், அதைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் இருந்ததை எடுத்திருந்தாள்.

அது யாரோ ஒரு பேங்க் கேஷியருடையது. அவரோடு ஒரு ஸ்டெப் பிசகாமல் ஆடினாள். வேர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்து, "நல்லா ஆடுறான். யார் வீட்டுப் புள்ள?" என்றாள். பிரியாணியை ரசித்துச் சாப்பிட்டாள். திரும்பும்போது ஆட்டோவில் பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

"பாத்தியா, ஒண்ணும் ஆவல" என்றார் சாலமன். ஒன்றும் ஆகாததுதான் அப்பா எனக்குப் பயமாக இருக்கிறது. அழுதுவிடுவாளோ என்றுதானே அத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தேன்? அழுதிருந்தால் நீங்கள் அவளுக்குள் எங்கோ இருக்கிறீர்கள் என்று அர்த்தம். இன்று காலையும் அவள் உங்களைக் கேட்கவில்லை. காப்பியை வாங்கும்போது என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எதைத் தேடினாள்? அடுத்தது நானா அப்பா?

இனிமேல் அவள் கேட்கட்டும் என்று காத்திருக்க மாட்டேன். தினமும் நானே உங்களைப் பற்றிச் சொல்வேன். நீங்கள் செத்துப்போனதையும் மறைக்காமல் சொல்வேன். அவள் அழட்டும், நானும் கூட உட்கார்ந்து அழுகிறேன். அழுகிறவரைக்கும் நீங்கள் அவள் புருஷன். இது சத்தியம்.

இன்றுவரை அம்மா பேர் சொல்லிக் கூப்பிடுகிற
உங்கள் மகள்,
எஸ்தர்