டீ நேரத்துக் கோடு

இன்று வெள்ளிக்கிழமை. பட்டறையில் கம்ப்ரசருக்கு ஊதுபத்தி காட்டினேன். புகை வளையாமல் நேராக மேலே போனது. உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

எடப்பாடியில் ஒரே பெஞ்சில் படித்தோம். நான் எட்டாவதோடு நின்று, திருச்செங்கோட்டில் போர்வெல் துளைக்கும் ரிக் வண்டிகளின் கம்ப்ரசர்களைப் பிரித்துப் பிரித்துத் தொழிலைக் கற்றேன். நீ கடல் ஆராய்ச்சி வேலை வரை போனாய். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் பட்டறைக்கு வந்து, "எங்க ஆராய்ச்சிக் கப்பல்ல படிச்சவங்கதான் நெறைய. பம்பு தெரிஞ்சவன் ஒருத்தனுமில்லை. நீ வா மாப்ள" என்றாய். தற்காலிக மெக்கானிக்காகச் சேர்த்தார்கள். அதற்குமுன் நான் கடலையே பார்த்ததில்லை.

கப்பலின் அடியிலிருந்து மேல்மட்டக் கடல்நீரை ஏற்றி, மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் மழைபோல் பொழியவிடுவாய். நீரில் இருக்கும் கரியமில வாயுவுக்கு ஏற்பக் குடுவைக்குள் இருக்கும் காற்று மாறும். அந்தக் காற்றை ஒரு சின்னப் பம்பு உறிஞ்சிக் கருவிக்குக் கொடுக்க, ஓடும் காகிதத்தில் பேனா கோடு போடும்; வாயு கூடினால் கோடு ஏறும். இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன்.

"நம்மூர் லாரி உடற பொகையில ஒரு பங்கைக் கடல் வாங்கிக்குது. எத்தனை வாங்குது, எங்க திருப்பி உடுதுன்னு தெரிய வேண்டாமாப்பா?"

ஆனால் பேனா தினமும் காலை பதினொன்றுக்கும் மாலை நான்குக்கும் ஏறியது. கப்பல் கிளம்பிய பன்னிரண்டு நாளும் இதே கதை. கடலுக்கும் டீ நேரம் உண்டா என்று தலைமை விஞ்ஞானி உன்னைக் கேலி செய்தார். கருவியைச் சரிபார்க்க நீ வைத்திருந்த வாயுவே தப்பு என்றார். மறுநாள் மாலைக்குள் சரியாகாவிட்டால் கருவியை நிறுத்தி அறையைக் காலி செய்யச் சொன்னார். அந்த அறைக்காக நீ மூன்று வருடம் மனுப் போட்டிருந்தாய்.

"மூட்டுல எங்காச்சும் லீக் இருக்குமா மாப்ள?" என்று நான்காவது முறையாகக் கேட்டாய்.

பம்பின் மூட்டைச் சணல் சுற்றி, பசை தடவி, ரிக்கில் செய்வதுபோல நான்தான் போட்டிருந்தேன்.

"உஸ்ஸுனு சத்தம் கேக்குதா?" என்றேன்.

"கேக்கலை."

"அப்பறமென்ன? பாறையை ஒடைக்கற காத்தையே கட்டிப் போட்டவன் நான். உன்ற படிப்பைப் போய்ச் சரிபாரு."

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் தொழிலில் அன்று மெஷினுக்கு ஊதுபத்தி காட்டாமல் வேலை ஓடாது. நீ அறையில் இல்லாத நேரம் பார்த்துப் பம்புக்குக் காட்டினேன். மூட்டருகே போன புகை வளைந்து, ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் உள்ளே போனது. பேனா ஏறியது.

ரிக்கில் காற்று வெளியே தள்ளும். லீக் இருந்தால் ஊருக்கே கேட்கும். இந்தப் பம்பு உறிஞ்சுவது. இதில் லீக் சத்தமில்லாமல் விழுங்கும். பதினொன்றுக்கும் நான்குக்கும் டீ குடிக்க வந்து அந்தச் சின்ன அறையில் எட்டுப் பேர் நின்று விட்ட மூச்சை அது விழுங்கிக்கொண்டிருந்தது. பேனா வரைந்தது கடலை அல்ல, எங்களை.

மூட்டை இறுக்கிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். பழி உன்மேல் நின்றிருக்கும். தப்பு என்னுடையது என்று அதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை, அப்பாவிடம்கூட. நீயும் தலைமை விஞ்ஞானியும் நின்ற இடத்துக்குப் போனேன்.

"மூட்டு நான் போட்டதுங்க. காத்தை இழுக்குது. இவன்மேல தப்பில்லைங்க."

நீ என்னைத் திட்டவில்லை. "பன்னண்டு நாள் போவட்டும். இன்னும் பத்து நாள் இருக்குது" என்றாய்.

ரப்பர் வாஷர் வைத்து மூட்டை மாற்றினேன். நான்கு மணிக்கு எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டு டீ கொடுத்தாய். "நல்லா மூச்சு உடுங்க சாமி" என்றாய். பேனா அசையவில்லை. தலைமை விஞ்ஞானி இன்னொரு டீ கேட்டார். கருவி ஓடட்டும் என்றார்.

பிறகு அந்தப் பயணத்தின் அறிக்கை வந்தது. சமையற்காரர் வரை நன்றி சொல்லியிருந்தாய். என் பெயர் இல்லை. இரண்டு வருடம் உன்னோடு பேசவில்லை. நீயே பட்டறைக்கு வந்தாய்.

"பேரைப் போட்டா தப்பையும் போடோணும். அதான் உட்டுட்டேன்."

"ரெண்டையும் போட்டிருக்கோணும்."

"நாளைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவயா?"

"எப்பவும்."

சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு முழம் காகிதத்தை எடுத்தாய். மூட்டை மாற்றிய அன்றைய நான்கு மணிக் கோடு. அதன்கீழே உன் கையெழுத்தில் என் பெயர், என் தப்பு, ஊதுபத்திப் புகை. "எல்லாம் இருக்குது, பாத்துக்க."

அறிக்கையில் போடாதது தவறுதான். நீ இல்லை என்பதற்காக இதை நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. ஆனால் இன்று எத்தனையோ கப்பல்கள் இதே வேலையைச் செய்கின்றனவாம். நம் பத்து நாள் கணக்கையும் அந்தக் கப்பல்காரர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள் என்று உன் மகள் சொன்னாள். அவள் சொன்ன அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

காகிதம் பட்டறைச் சுவரில், கண்ணாடிக்குள் இருக்கிறது. டீ வரும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறேன். எட்டுப் பேர் நின்று மூச்சு விட்டும் கோடு நேராகவே போகிறது.